பெயர் சொல்லாமல் போன அம்மாவுக்கு

என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து சிகாகோவுக்கு வந்தவர். குடும்பப் பெயர் ஸ்மித். அதை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் தேடினோம். எந்தக் கப்பல் பட்டியலிலும் ஆளைக் காணோம்.

போன மாதம் நூலகத்தில் பக்கத்து மேசையிலிருந்த ஒரு வயதான போலிஷ் அம்மா எட்டிப் பார்த்தார். "ஸ்மித்தா? ஆங்கிலத்தில் ஸ்மித் என்றால் கொல்லன். எங்கள் மொழியில் கொல்லனுக்குக் கொவால் என்று பெயர். கொவால்ஸ்கி என்று தேடிப் பாரம்மா. பெண்கள் என்றால் கொவால்ஸ்கா." அப்பாவுக்கும் மகளுக்கும் பெயரின் ஈறு மாறும் என்பதே தெரியாமல் ஒரு அத்தையையே கோட்டை விட்டிருந்தோம்! நாட்டையும் மாற்றச் சொன்னார். 1918 வரை போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லையாம். அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியிலிருந்த கலீசியா பகுதிக்காரர்கள் ஆஸ்திரியா என்றுதான் பதிவாகியிருப்பார்களாம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகக் கப்பல் பட்டியலில் ஆள் கிடைத்தார். வயது 19, ஊர் கலீசியாவில் தார்னூவ் பக்கம். (இன்னொரு ஜெர்மன் துறைமுகமான பிரேமனில் ஏறியிருந்தால் அவ்வளவுதான், அங்கே பழைய பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.) தேவாலயப் பதிவேட்டின் லத்தீனையும் அந்த அம்மாவே வரி வரியாகப் படித்துச் சொன்னார்.

நகலெடுத்துக்கொண்டு திரும்பினால் நாற்காலி காலி. ரொம்ப நன்றி அம்மா. அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் இப்போது என் மாமியார் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.