எந்த நீதிபதி என்பதை வைத்தா ஒருவரின் உதவித்தொகை முடிவாக வேண்டும்?

அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் யாராவது உடம்பு முடியாமல் வேலையை விட்டு டிசெபிலிட்டி உதவித்தொகைக்கு மனுப் போட்டால், படிவம் நிரப்பவும் ஆஸ்பத்திரிப் பதிவுகளை வாங்கி அடுக்கவும் கூட இருந்து உதவுகிறவன் நான். வக்கீல் இல்லை. பெரும்பாலானவர்கள் இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். அடுத்த படி, நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன்னால் விசாரணை. அதற்கான நோட்டீஸ் வீட்டுக்கு வந்ததும் அவர்கள் முதலில் செய்யும் காரியம், அதில் இருக்கும் நீதிபதியின் பெயரை இணையத்தில் தேடுவதுதான்.

தேடினால் கிடைப்பது உங்கள் நிர்வாகமே வெளியிடும் கணக்கு. எந்த நீதிபதி எத்தனை வழக்கை முடித்தார், எத்தனை பேருக்கு உதவித்தொகை கொடுத்தார், எத்தனை பேருக்கு மறுத்தார் என்று பெயரோடு பட்டியல் இருக்கிறது. அதை வெளியிடுவது நல்ல காரியம். எடுத்துவிடுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. அந்தப் பட்டியல் என்ன சொல்கிறதோ அதற்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், அதே பட்டியலைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் எங்கள் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

காங்கிரசுக்குக் கணக்கு சொல்லும் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., 2017 டிசம்பரில் இது பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. 2007 முதல் 2015 வரையிலான தீர்ப்புகளை ஆராய்ந்து, மனுதாரரின் வயது, நோய் போன்ற வேறுபாடுகளையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், ஒரு சராசரி வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பதைப் பொறுத்து ஒப்புதல் கிடைக்கும் வாய்ப்பு 46 சதவீதப் புள்ளிகள் வரை மாறலாம் என்று அது மதிப்பிட்டது. அந்த ஆண்டுகளில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது என்றும் அதே அறிக்கை சொன்னது. சரி, குறைந்தது நல்லதுதான். ஆனால் குறைந்த பிறகும் மிஞ்சியிருப்பது ஒரு குடும்பத்தின் வாடகையையும் மருந்துச் செலவையும் தீர்மானிக்கும் அளவு பெரியது.

"கடுமையான நீதிபதியிடம் பலவீனமான வழக்குகள் போயிருக்கலாமே" என்று உங்கள் தரப்பில் சொல்லக்கூடும். ஊருக்கு ஊர் ஒப்பிட்டால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஒரே அலுவலகத்துக்குள் அது செல்லாது. அங்கே முடிந்தவரை சுழற்சி முறையில்தான் வழக்குகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரே வட்டாரம், ஒரே மாதிரி நோயாளிகள், ஒரே சட்டம். அப்படியும் பக்கத்து அறைகளில் உட்காரும் இரண்டு பேரின் ஒப்புதல் விகிதம் எங்கோ எங்கோ நிற்கிறது என்றால், அந்த வித்தியாசம் மனுதாரரிடமிருந்து வரவில்லை.

அது எங்கே நுழைகிறது என்பதை ஒரு விசாரணையில் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். கிடங்கில் வேலை செய்த ஓர் அக்கா. நாற்பத்தாறு வயது. முதுகுத் தண்டில் அறுவை சிகிச்சை ஆகியும் வலி போகவில்லை. நீதிபதியின் விகிதத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவர் யாருக்குமே கொடுக்க மாட்டாராமே, போகாமலே விட்டுவிடலாமா?" என்று கேட்டார். போகாவிட்டால் வழக்கையே தள்ளுபடி செய்துவிடுவார்கள் அக்கா என்று சொல்லி உட்கார வைத்தேன். விசாரணை ஃபோனில் நடந்தது. "உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கால் மரத்துப் போகிறது, படுத்தால்தான் கொஞ்சம் தணிகிறது" என்று சொன்னார். அப்புறம் நீதிபதி வேலைவாய்ப்பு நிபுணரைக் கேட்டார்: உட்கார்ந்து மட்டுமே வேலை செய்யக்கூடிய ஒருவர், வலியால் வேலை நேரத்தில் 10 சதவீதம் கவனம் சிதறி இருந்தால் அவருக்கு வேலை உண்டா? உண்டு என்று சொல்லி மூன்று வேலைகளின் பெயரை நிபுணர் படித்தார். 15 சதவீதம் என்றால்? எந்த வேலையும் இல்லை.

முழு வழக்கும் அந்த ஐந்து சதவீதத்தில் நின்றது. 10 என்று எழுதினால் தோல்வி, 15 என்று எழுதினால் வெற்றி. அதை அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. மருத்துவர் கடிதத்தில் "வலியால் தொடர்ந்து கவனம் செலுத்த முடியவில்லை" என்று மட்டும்தான் இருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டுமே லாயக்கு என்ற முடிவே பலருக்குப் போதுமானதாக இருக்கும். உங்கள் விதி அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. அக்காவின் வயதுக்கு அந்த அட்டவணை உதவாது. தீர்ப்பில் 10 என்று வந்தது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார், காத்திருக்கிறார்.

மேலே போனால் சரியாகிவிடும் என்பார்கள். ஆனால் மேல்முறையீட்டுக் குழுவும் அதற்கு மேலுள்ள கூட்டாட்சி நீதிமன்றமும் வழக்கைப் புதிதாக எடைபோடுவதில்லை. தீர்ப்புக்குப் போதிய ஆதாரம் இருக்கிறதா, சட்டப் பிழை உண்டா என்றுதான் பார்க்கின்றன. அந்த ஆதார அளவுகோல் அவ்வளவு உயரமானது இல்லை என்று 2019-இல் பீஸ்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதாவது அக்காவின் அதே காகிதக் கட்டை வைத்து ஒருவர் 10 என்றும் இன்னொருவர் 15 என்றும் எழுதினால், மேலே இரண்டுமே நிற்கக்கூடும். நீதிபதியின் சாய்வை மேல் நீதிமன்றம் சரிசெய்யும் என்று நீங்கள் விட்டுவிட முடியாது என்பது இதனால்தான்.

உங்கள் நிர்வாகம் ஒப்புதல் விகிதத்தைக் கவனிக்காமல் இருந்ததில்லை. கவனித்த திசைதான் எப்போதும் ஒரே பக்கம். 1980-இல் காங்கிரஸ் சொன்னபடி தீர்ப்புகளை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியபோது, யாரைக் குறிவைத்தீர்கள்? அதிகம் கொடுக்கும் நீதிபதிகளை. நீதிபதிகள் சங்கமே உங்கள் மேல் வழக்குப் போட்டது. விகிதத்தின் மேல் நீங்கள் வைத்த விடாப்பிடியான பார்வை நீதிபதிகளை நியாயமற்ற நெருக்கடியில் தள்ளியது என்று 1984-இல் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் கண்டித்தது.

மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் அலுவலகத்தில் நடந்தது வேறு கதை. டேவிட் டாகர்ட்டி என்ற நீதிபதி வருகிற வழக்குக்கெல்லாம் ஏறக்குறைய ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார். எரிக் கான் என்ற கென்டக்கி வக்கீலிடம் பணம் வாங்கியிருந்தார். உங்கள் ஊழியர்களே எச்சரித்தும் ஆண்டுக் கணக்கில் அது நின்றபாடில்லை. கடைசியில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். ஆனால் அதற்கு முன்பே, 2015-இல், கானிடம் வழக்கை ஒப்படைத்திருந்த ஏறத்தாழ 1,500 பேருக்கு மறுபரிசீலனைக் கடிதம் போனது. அவர்களில் பலர் நிஜமாகவே நோயாளிகள், பழைய சுரங்கத் தொழிலாளிகளும் உண்டு. மருத்துவச் சான்றில் மோசடி இருக்கிறது என்று நீங்கள் ஒதுக்கிவைத்தபோது, "என் சான்று பொய்யில்லை" என்று காட்ட அவர்களுக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கவில்லை. அது முறையல்ல என்று 2018-இல் ஆறாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. மிக அதிகமான விகிதமும் முடிவில் ஏழையைத்தான் அடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மறுபக்கம் என்ன ஆனது? நியூயார்க்கின் குயின்ஸ் அலுவலகத்தில் சில நீதிபதிகள் மனுதாரர்களை நடத்திய விதமும் மறுத்த வேகமும் அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். அங்கே நீங்களாக ஒன்றும் செய்யவில்லை. 2011-இல் மனுதாரர்களே கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2013-இல் சமரசம் ஏற்பட்டு, சுமார் 4,000 பேருக்குப் புது விசாரணைக்கு வழி பிறந்தது. அதற்குள் எத்தனை குடும்பம் வீட்டை இழந்திருக்கும்! அதிகம் கொடுப்பவரைத் தேடி ஆய்வாளர் போகிறார். அதிகம் மறுப்பவரைத் தேடி மனுதாரரே வக்கீலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இதுதான் என் மனக்குறை, வேறொன்றுமில்லை.

2011 இறுதியில் நீங்கள் இன்னொன்றும் செய்தீர்கள். விசாரணை நாள் வரை நீதிபதியின் பெயரையே சொல்லமாட்டோம் என்றீர்கள். வக்கீல்கள் வீடியோ விசாரணையை மறுத்து, நல்ல நீதிபதியாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள் என்பது காரணம். பொறுக்கும் அளவுக்கு நீதிபதிகளிடையே வித்தியாசம் இருக்கிறது என்பதை அந்த உத்தரவே ஒப்புக்கொண்டது. பிறகு அதைக் கைவிட்டீர்கள். மறுபடி அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா நீதிபதியும் ஒரே விகிதத்தில் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோட்டா வந்தால் நீதிபதி எதற்கு? அவர்களின் சுதந்திரம் மனுதாரருக்குத்தான் பாதுகாப்பு. ஆண்டுக்கு 500 முதல் 700 தீர்ப்பு என்று 2007-இல் நீங்கள் வைத்த எதிர்பார்ப்பில், ஆயிரம் பக்கக் கோப்பைப் புரட்டி முடிப்பதே அவர்களுக்குப் பெரும் பாடு என்பதும் தெரியும். நான் கேட்பது இவ்வளவுதான். ஒப்புதல் விகிதத்தில் மேல் ஓரத்தில் நிற்பவரின் தீர்ப்புகளை எந்த அக்கறையோடு எடுத்துப் படிக்கிறீர்களோ, கீழ் ஓரத்தில் நிற்பவரின் தீர்ப்புகளையும் அதே அக்கறையோடு படியுங்கள். ஒப்புதல் விகிதத்துக்குப் பக்கத்திலேயே, அந்த நீதிபதியின் தீர்ப்புகளில் எத்தனை மேலிருந்து திருப்பி அனுப்பப்பட்டன என்ற எண்ணையும் போடுங்கள். விகிதம் குறைவாக இருப்பது மட்டும் ஒருவரைத் தவறானவர் ஆக்கிவிடாது. குறைவான விகிதத்தோடு திரும்பி வரும் வழக்குகளும் அதிகம் என்றால் அங்கே கேள்வி கேட்க வேண்டும். 10 சதவீதம், 15 சதவீதம் என்று எழுதும்போது எந்தச் சான்றைப் பார்த்து அந்த எண்ணுக்கு வந்தார் என்று தீர்ப்பில் ஒரு வரி கட்டாயமாக்குங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மேல்முறையீட்டில் பேசுவதற்கு எங்களுக்குப் பிடி கிடைக்கும்.

காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டியலில் உள்ள விகிதத்தைப் பார்க்கும்போது, தள்ளுபடி ஆனவற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா, தீர்ப்பு வந்தவற்றை மட்டுமா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு எண் கொடுக்கும். எதுவானாலும் விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மறுப்பு வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள். பிரதிநிதி ஒருவர் கூட இருந்தவர்களுக்கு ஒப்புதல் கிடைத்த விகிதம், இல்லாதவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அதே 2017 அறிக்கை சொல்கிறது. ஜெயித்தால் மட்டுமே, அதுவும் நிலுவைத் தொகையிலிருந்துதான் வக்கீலுக்குக் கட்டணம். சட்ட உதவி மையங்களில் இலவசமாகவும் கிடைக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் நிர்வாகமே காசில்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆணையர் அவர்களே, 2008 முதல் 2019 வரை மேல்முறையீடு செய்தவர்களில் 1,09,725 பேர் இறுதி முடிவு வருவதற்கு முன்பே இறந்துபோனார்கள் என்று ஜி.ஏ.ஓ. கணக்கெடுத்திருக்கிறது. அத்தனை நாள் காத்திருந்து கிடைக்கும் ஒரே ஒரு விசாரணை, சுழற்சியில் யார் பெயர் விழுந்தது என்பதில் தோற்கக் கூடாது. கீழ் ஓரத் தீர்ப்புகளை ஆய்வு செய்யப் போகிறீர்களா, எப்போது தொடங்குவீர்கள் என்பதைப் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தமிழர்