அபேயன்ஸ்: ரத்தும் இல்லை, நிலுவையும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் கலெக்டர் அலுவலகம் அருகே மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவள் நான். இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தன்று காலை எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். மனு எழுதுவது பாதி வேலைதான். அவர்கள் மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவரும் கடிதங்களைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது மீதிப் பாதி. ஆங்கிலக் கடிதமாக இருந்துவிட்டால் நான் சொல்வதை அப்படியே நம்பிப் போவார்கள். அதனால்தான் ஒரே ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் இருந்தால் சுருக்காமல் வெளியிடுங்கள்.

அந்தச் சொல் அபேயன்ஸ்.

2025 ஏப்ரல் 23 அன்று மத்திய அரசு சிந்து நதி நீர் ஒப்பந்தம் பற்றி அறிவித்தபோது பயன்படுத்திய சொல் அது. 'ஹெல்ட் இன் அபேயன்ஸ்' என்றார்கள். மறுநாள் தமிழ் நாளிதழ்களைப் பார்த்தால் ஒன்றில் 'ரத்து', இன்னொன்றில் 'முடக்கம்', வேறொன்றில் 'நிறுத்திவைப்பு'. டீக்கடையில் எல்லோரும் 'ரத்து' என்றே பேசினார்கள். இன்றுவரை பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் 1960இல் உலக வங்கி முன்னிலையில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. இரண்டு அரசுகளும் சேர்ந்து வேறொரு ஒப்பந்தம் போட்டு முடித்துவைக்கும்வரை இது செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இந்திய அரசின் அறிவிப்பும் ரத்து என்று சொல்லவில்லை. எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்கு ஆதரவு தருவதைப் பாகிஸ்தான் நம்பத்தகுந்த முறையில் கைவிடும்வரை என்று ஒரு 'வரை' போட்டுத்தான் சொன்னது. அந்த 'வரை'யைத் தலைப்பு விழுங்கிவிட்டது.

எங்கோ இருக்கிற நதிக்காக இவள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று தோன்றலாம். இதே சொல்லைத் தப்பாகச் சொல்லி ஒரு வயதான அம்மாவை ஏழு மாதம் காக்க வைத்தவள் நான். அதைச் சொல்லியாக வேண்டும்.

ஏற்காடு மலையில் ஒரு சிற்றூர்க்காரர் அவர். ஆயா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து, பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். வரவேண்டிய பணத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதத்தோடு வந்தார். நான்கே வரி, ஆங்கிலத்தில். 'யுவர் கிளெய்ம் இஸ் கெப்ட் இன் அபேயன்ஸ் பெண்டிங் கம்ப்ளையன்ஸ்' என்று இருந்தது. மேலே, பார்வை என்று போட்டு வேறு ஏதோ ஒரு கடிதத்தின் எண்ணும் தேதியும்.

அபேயன்ஸ் எனக்குத் தெரியாது. ஒபே என்றால் கீழ்ப்படிவது. அதோடு ஏதோ சம்பந்தம், விதிமுறைப்படி நடக்கிறது என்று சொல்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சொல் பெண்டிங். அது தெரியும், தினமும் பத்து முறை காதில் விழுகிற சொல். 'நிலுவையில் இருக்குதுங்க ஆயா. வரிசைப்படி பார்ப்பாங்க. பொறுமையா இருங்க, வந்துடும்' என்று சொல்லி அனுப்பினேன்.

ஆயா பொறுமையாக இருந்தார். மலையிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் இறங்குவது என்றால் அன்றைய கூலி போச்சு. ஆனாலும் மாதம் ஒரு திங்கட்கிழமை வந்து, 'ஏங்கண்ணு, ஏதாச்சும் தகவல் உண்டா?' என்று கேட்டுவிட்டுப் போவார். ஏழாவது மாதம் எனக்கே பொறுக்கவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கோப்பைப் பார்த்துவிட்டு, 'நாங்க உங்களுக்காகத்தானே காத்திருக்கிறோம்' என்றார். வாரிசுச் சான்றிதழ் கேட்டு முதலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அது அவர்கள் முன்பு குடியிருந்த பழைய விலாசத்துக்குப் போய்விட்டது. கையில் இருந்த இரண்டாவது கடிதம், 'அந்தக் குறையை நிவர்த்தி செய்யும்வரை உங்கள் கோரிக்கையை நிறுத்திவைத்திருக்கிறோம்' என்று சொன்ன கடிதம். அவர்கள் ஆயாவுக்காகக் காத்திருக்க, ஆயா அவர்களுக்காகக் காத்திருந்தார். நடுவில் நான் உட்கார்ந்து இரண்டு பேரையும் காக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் விசாரணை முடிந்து சான்று வந்தது. அதை அனுப்பி ஐந்து வாரத்தில் பணமும் வந்துவிட்டது. ஆயா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம்தான் அந்தச் சொல்லை உட்கார்ந்து படித்தேன். சட்டம் படிக்கும் என் அக்கா மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். 'சித்தி, நீங்க கவுந்தது அபேயன்ஸ்ல இல்ல, பெண்டிங்லதான்' என்றாள். நியாயம்தான். பெண்டிங் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வேலை இருக்கிறதாம். 'வழக்கு பெண்டிங்' என்றால் நிலுவை. ஆனால் 'பெண்டிங் கம்ப்ளையன்ஸ்', 'பெண்டிங் வெரிஃபிகேஷன்' என்று பின்னால் ஒரு சொல் ஒட்டி வந்தால் அது 'வரும்வரை', 'முடியும்வரை' என்ற பொருளில் வருகிறது. எனக்குத் தெரிந்த சொல் என்று நான் நம்பியதுதான் என்னைக் கெடுத்தது. தெரியாத சொல்லையாவது யாரிடமாவது கேட்டிருப்பேன்.

நிலுவைக்கும் அபேயன்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் ஒரே வாக்கியத்தில் காட்டினாள். 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தேசத்துரோகச் சட்டமான 124ஏ பிரிவு பற்றி ஓர் உத்தரவு போட்டது. அந்தப் பிரிவின் கீழ் நிலுவையில் உள்ள எல்லா விசாரணைகளையும் மேல்முறையீடுகளையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அதில் ஒரு வரி. ஆங்கில மூலத்தில் பெண்டிங்கும் இருக்கிறது, அபேயன்ஸும் இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்றால், நிலுவையில் உள்ளதை நிலுவையில் வையுங்கள் என்றா நீதிபதிகள் எழுதுவார்கள்? நிலுவையில் இருப்பது நகர்ந்துகொண்டிருக்கிறது, மெதுவாகவேனும். அபேயன்ஸில் இருப்பதை யாரும் தொட மாட்டார்கள். வெளியிலிருந்து ஒன்று வந்து சேர்ந்தால்தான் மறுபடி அசையும்.

சொல்லின் பூர்வீகத்தையும் சொன்னாள். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்ததாம். வாயைத் திறந்தபடி எதையோ எதிர்பார்த்து நிற்பது என்று மூலப் பொருள். நாம் 'வாய் பார்த்து நிற்பது' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். இங்கிலாந்துச் சட்டத்தில் முதலில் சொத்துக்கும் பட்டத்துக்கும்தான் இது பயன்பட்டிருக்கிறது. உரியவர் யார் என்று தெரியாத சொத்து அழிந்தும் போகாது, யார் கைக்கும் போகாது. வாரிசுக்காகக் காத்து நிற்கும். அங்கே காமாய்ஸ் என்ற பிரபுப் பட்டம் 1426 முதல் 1839 வரை, நானூறு வருடத்துக்கு மேல், இப்படி நின்றிருந்ததாம். வாரிசுக்காகக் காத்திருப்பது என்று அவள் சொன்னதும் எனக்கு ஆயாவின் முகம்தான் வந்தது. அவர் கடிதமும் வாரிசுச் சான்றுக்காகத்தானே நின்றுகொண்டிருந்தது.

ஆனால் இந்தச் சொல் என் மனதில் பதிந்தது புத்தகத்தால் அல்ல, காப்பியால். நான் பிறந்தது ஏற்காட்டில். அப்பா ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. தை, மாசி மாதங்களில் காப்பிச் செடியின் கணுக்களில் மொட்டு வந்து நிற்கும், பச்சை அரிசி மாதிரி. ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். வாரக்கணக்கில் பார்த்தாலும் அதே அளவுதான். சின்ன வயதில், 'செத்துப் போச்சாப்பா?' என்று கேட்டிருக்கிறேன். 'இல்ல கண்ணு, உறங்குது. மழைக்குக் காத்திருக்குது' என்பார். கோடையில் நல்ல மழை ஒன்று, ஒரு அங்குலமாவது, பெய்ய வேண்டும். பெய்து ஒன்பது, பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை வாசம் மாதிரி வீட்டுக்குள் வரும். தண்ணீர் வசதி உள்ள எஸ்டேட்டுகளில் மழைக்குக் காத்திராமல் ஸ்பிரிங்க்ளர் போட்டே மொட்டை எழுப்பிவிடுவார்கள். மொட்டைக் கிள்ளிப் போட்டால் அது ரத்து. மொட்டு வளர்ந்துகொண்டிருந்தால் நிலுவை. மழைக்காக நிற்கிற மொட்டுதான் அபேயன்ஸ். எந்த மழைக்கு என்று தெரிந்தால் நாமே ஸ்பிரிங்க்ளரைப் போடலாம்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு நான்காக. 'ஒத்திவைப்பு' என்றால் வேறொரு தேதிக்குத் தள்ளுவது. 'இடைக்காலத் தடை' என்றால் நீதிமன்றம் குறுக்கே கை நீட்டுவது. 'கிடப்பில் போடுவது' அபேயன்ஸுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அதில் அக்கறையின்மையும் கலந்திருக்கிறது, யாரோ வேண்டுமென்றே கவனிக்காமல் விட்ட தொனி. 'நிறுத்திவைப்பு'தான் பொருத்தம். நிறுத்தினார்கள் என்பதும் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. அந்த 'வைப்பு' இல்லாமல் வெறும் 'நிறுத்தம்' என்று போட்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் ஏட்டுப் படிப்பு இல்லை. எட்டு வழிச் சாலைக்காக 2018இல் பூலாவரி, ராமலிங்கபுரம், குப்பனூர் பக்கமெல்லாம் வயலில் கல் நட்டார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புகள் பெரும்பாலும் செல்லும் என்று சொல்லிவிட்டது. சாலை வேலை அதற்குப் பிறகும் தொடங்கவில்லை. என்னிடம் வந்த விவசாயிகள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: 'இப்ப இது ரத்தாங்க, நிறுத்தி வெச்சிருக்காங்களா?' கிணறு வெட்டலாமா, மகள் கல்யாணத்துக்கு நிலத்தின் மேல் கடன் வாங்கலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலில் இருக்கிறது. வேளாண் சட்டங்களை ஒன்றரை ஆண்டு வரை நிறுத்திவைக்கத் தயார் என்று 2021 ஜனவரியில் மத்திய அரசு சொன்னபோது விவசாயச் சங்கங்கள் ஏற்கவில்லை. ரத்துதான் வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ரத்து செய்யும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு சொல்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும், அலுவலகக் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு விஷயம். அபேயன்ஸ் தனியாக வராது. அதற்கு முன்னால் இன் என்ற சொல் நிற்கும். கெப்ட், ஹெல்ட் போன்ற வினையோடு சேர்ந்து வரும். ஒரு வழக்கம் கைவிடப்பட்டு மங்கிப்போனதைச் சொல்ல, 'ஃபெல் இன்டு அபேயன்ஸ்' என்றும் எழுதுவார்கள். 'அபேயன்ஸ் கொடுத்தார்கள்' என்பதோ, அதையே வினையாக்கி 'அபேயன்ஸ் பண்ணிட்டாங்க' என்பதோ வழக்கில் இல்லை. ஒபேயோடு எந்த உறவும் கிடையாது. கடிதத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அடுத்து டில், அன்டில், பெண்டிங் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதற்குப் பின்னால் இருப்பதுதான் நம் வேலை. அது இல்லையென்றால், 'எது வரும்வரை?' என்று கேட்டு அன்றே ஒரு மனு எழுதிவிடுங்கள். 'மறு உத்தரவு வரும்வரை' என்று மட்டும் இருந்தால், யாருடைய உத்தரவு என்று கேளுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் பலர் நாளிதழில் பார்க்கிற சொல்லைத்தான் கையோடு கொண்டுவருகிறார்கள். 'பேப்பர்லயே ரத்துன்னு போட்டுட்டாங்களே' என்பவரிடம் நான் எவ்வளவு விளக்கினாலும் ஏறாது. தலைப்பில் இடம் குறைவு, ரத்து என்பது மூன்றே எழுத்து என்பது எனக்குப் புரிகிறது. 'நிறுத்திவைப்பு' என்று போட இடம் இல்லாவிட்டால் 'நிறுத்தம்' என்றாவது போட்டுவிட்டு, செய்தியின் முதல் வரியில் எது வரும்வரை என்பதைச் சேர்த்துவிடுங்கள் ஐயா. ஆங்கிலத்தில் மட்டும் கடிதம் அனுப்பும் நிறுவனங்களுக்கும் உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள்: என்ன தாள் வேண்டும் என்பதையாவது அடியில் ஒரு வரி தமிழில் எழுதுங்கள்.

என் மேசைக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களின் பின்பக்கத்தில் இப்போதெல்லாம் பென்சிலால் அந்த ஒரு வரியை நானே எழுதிக் கொடுக்கிறேன். போன திங்கட்கிழமை மட்டும் பதினொரு கடிதம்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
கலெக்டர் அலுவலகம் அருகில், சேலம்.
(பெயர் வேண்டாம்)