ஐந்தரை அடி என்று போட்டது எங்கள் தப்புதான்

அன்புள்ள வாசகர்களுக்கு, குறிப்பாக எங்கள் கைவினை இணைய இதழைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடும் நல்ல உள்ளங்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு அக்கா படம் அனுப்பியிருந்தார். பச்சையும் வெள்ளையுமாக ஒரு ஒயர் கூடை. அடிப்பாகம் கச்சிதம், முடிச்சு ஒவ்வொன்றும் சிக்கென்று இருந்தது. ஆனால் முக்கால் உயரத்திலேயே ஒயர் தீர்ந்து, நுனிகள் முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. விளிம்பை மடக்கி உள்ளே சொருகக்கூட நீளமில்லை. "நீங்க சொன்ன அளவுதான் தம்பி வெட்டினேன்" என்று கீழே ஒரு வரி.

அவர் சொன்னது சரி. வெட்ட வேண்டிய ஒயரின் நீளம் ஏழரை அடி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை அடி என்று வெளியிட்டிருந்தோம். ஏழரையை நாங்கள் விட்டுவிட்டோம், ஏழரை எங்களை விடவில்லை. இரண்டே நாளில் ஒரு வாசகி கண்டுபிடித்துச் சொல்ல, அன்று இரவே திருத்தினோம். அந்தத் திருத்தம் அக்காவுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் கையில் இருந்தது, திருத்துவதற்கு முன்பே யாரோ எடுத்துவைத்த பிடிஎஃப். அதில் இதழின் பெயரையும் வெட்டியிருந்தார்கள். எங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆனதாம்.

இதழில் வருவதைப் பகிர வேண்டாம் என்று சொல்லவில்லை. இணைப்பை அனுப்புங்கள், பிடிஎஃப் வேண்டாம். வெட்டிய ஒயரை எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அந்தத் தப்பு ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செய்முறையை, அதை எழுதாத இரண்டு பேர் செய்து பார்த்த பிறகுதான் வெளியிடுவோம் என்பது எங்கள் விதி. அந்த முறை ஒருவர்தான் பார்த்தார். அவரும் பத்து வருடமாகக் கூடை பின்னுகிறவர். எழுதியிருந்ததைப் படிக்காமல், கைப்பழக்கத்தில் சரியான அளவையே வெட்டிவிட்டார். நாங்கள் எட்டு பேர். ஒருவர் வங்கியில், இருவர் பள்ளியில், ஒருவருக்குக் கைக்குழந்தை. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இதழ் வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது, கேட்கவும் இல்லை.

அப்புறம் வாசகர்களிடம் நன்கொடை கேட்பது எதற்கு என்கிறீர்களா? இணையச் செலவு கொஞ்சம்தான். சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு அனுப்பும் ஒயர், நூல், ஊசி, கூரியர் எல்லாம் சேர்ந்தால் அதைவிட அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு கைவினைஞரின் கூலி. பத்தமடையில் ஒரு பாய் நெசவாளரின் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, நார் நாராகக் கிழிப்பதை நாங்கள் படம் எடுப்பதற்காக மெதுவாகச் செய்து காட்டினார். "இன்னொரு தடவை" என்று நாங்கள் கேட்கக் கேட்க, தறியில் பாய் அப்படியே நின்றது. அந்த ஒரு நாள் அவருக்கு வருமானம் இல்லாத நாள். அதை நாங்கள் கொடுத்தே ஆக வேண்டும். இலவச இதழ்தானே, அவரும் இலவசமாகக் காட்டட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

கட்டணம் வைத்துப் பூட்டிவிடலாமே என்றும் கேட்கிறார்கள். எங்களுக்கு மனம் வரவில்லை. டொராண்டோவில் ஏமி சிங்கர் 2002இல் தொடங்கிய 'நிட்டி' என்ற பின்னல் இதழ் இன்றும் இலவசம்தான். விளம்பரமும், பேட்ரியான் என்ற ஆதரவு திரட்டும் இணையதளம் வழியாக வாசகர்கள் தரும் பணமும் அதைத் தாங்குகின்றன. அவர்கள் வாசகர் வட்டம் பெரிது, எங்களுடையது சிறிது. ஆனாலும் அந்த வழிதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதழை அறக்கட்டளையாகப் பதிவு செய்திருப்பதால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும். துபாயில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரிடம், அந்தச் சட்டப்படியான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல், நன்கொடையாக ஒரு ரூபாய்கூட நாங்கள் வாங்கக் கூடாது. கனடாவிலிருந்து அன்போடு கேட்ட இரண்டு பேருக்கு இல்லை என்று சொன்னது இதனால்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களால் மெய்ப்புப் பார்த்துத் தர முடிந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய உதவி.

உள்ளூரில் இருப்பவர்கள் மாதம் ஐம்பது ரூபாய் என்று யூபிஐயில் போட்டால் போதும். ஒரே தடவையில் ஐயாயிரம் வருவதைவிட, மாதாமாதம் வரும் ஐம்பதை நம்பித்தான் அடுத்த கைவினைஞரிடம் தேதி சொல்ல முடிகிறது.

அக்காவுக்குப் புது ஒயர் வாங்கி அனுப்பிவிட்டோம். அடுத்த இதழ் தை மாதம். அதில் சிவன் கண் கூடை வருகிறது. செய்முறையைச் சோதித்துப் பார்க்க ஆறு பேர் வேண்டும். அதில் மூன்று பேருக்காவது கூடை பின்னவே தெரியாமல் இருக்க வேண்டும். ஒயர் நாங்கள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
எட்டு பேர் சார்பில்,
ஆசிரியர்