2023–24 ஆண்டறிக்கை: மளிகை வாங்கிய கதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் நகர் குடியிருப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் முதல் ஞாயிறு கூட வேண்டிய பொதுக்குழு இந்த முறை 28ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. நாம் கூடும் பள்ளிக்கூடம் 19ஆம் தேதி மக்களவைத் தேர்தலுக்கு வாக்குச்சாவடியாக இருந்தது. பெஞ்சுகள் இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வழக்கமான வேலைகள்: தெருவிளக்கு மூன்று மாற்றப்பட்டது, ஒன்று மறுபடியும் அணைந்துவிட்டது. வடிகாலுக்காக நான்கு மனு கொடுத்தோம். குப்பை வண்டி இப்போது காலையிலேயே வருகிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரம் பெரும்பாலும் அரிசி, பருப்பு, தக்காளியிலேயே போனது. சங்கத்துக்கு இது வேலையா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டிலும் நம் அரிசிதான் வெந்தது என்பதால் அதற்குமேல் நான் பதில் சொல்லவில்லை.

தொடங்கியது 2023 ஜூலையில். தக்காளி கிலோ நூறைத் தாண்டி, மாதக் கடைசியில் நூற்றைம்பதுக்கும் மேலே போனது. ஜூலை 4 முதல் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் அரசு கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. நம் பகுதிக் கடை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மாதம் நாடு முழுவதும் உணவுப் பொருள் விலை முந்தைய ஆண்டு ஜூலையைவிட 11.51 சதவீதம் கூடியிருந்ததாக மத்திய அரசின் கணக்கு சொன்னது. என் மாமியார் எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. ரசத்துக்குப் புளியைக் கொஞ்சம் கூடக் கரைத்து, தக்காளியை ஒன்றிலிருந்து பாதியாக்கினார். மீதிப் பாதியை மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தபோதுதான் நிலைமை எனக்கு உறைத்தது.

ஆகஸ்டில் கூட்டுக் கொள்முதல் என்று முடிவெடுத்தோம். அரிசிக்கு, மொத்த வியாபாரம் நடக்கும் செங்குன்றம் போனோம். வெளிவட்டச் சாலை நம் முடிச்சூர்ப் பக்கமே போவதால் குட்டியானை வாடகை கட்டுப்படியானது. முதல் முறை 30 மூட்டை, மொத்தம் 780 கிலோ. மூட்டைக்கு ஏன் 26 கிலோ, 25 இல்லையா என்று அன்றைக்கே பலர் கேட்டீர்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோவைத் தாண்டினால் அந்த வரி இல்லை என்பதால், அதற்குப் பிறகு பிறந்ததுதான் இந்த 26 கிலோ மூட்டை. அந்த ஒரு கிலோ இலவசம் என்று நினைத்து எனக்கு நன்றி சொன்ன உறுப்பினர் மன்னிக்கவும், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம். எல்லாம் போக மூட்டைக்கு 110 ரூபாய் மிச்சமானது.

தக்காளியில் கை சுட்டுக்கொண்டோம். கோயம்பேட்டிலிருந்து பெட்டிகளாக வாங்கி வந்ததில் அடியில் இருந்தவை நசுங்கி, சங்க அறை முழுக்க ஈ. அழுகலை யார் கணக்கில் எழுதுவது என்று ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் சங்கத்தின் கணக்கில் எழுதினோம். செப்டம்பரில் விலை சரிந்து கிலோ இருபதுக்கு வந்ததும், நம் தக்காளியைத் தேடி ஒருவரும் வரவில்லை. தக்காளிக் கொள்முதல் அதோடு நின்றது.

இனி, பாராட்டு வாங்கிய திட்டத்தில் நான் பார்த்த குறை. ஆகஸ்டில் பருப்பு பிரித்துக்கொண்டிருந்த நாளில், இரண்டாம் தெரு முனையில் இஸ்திரி போடும் அம்மா வந்து நின்றார். "கால் கிலோ துவரை தருவீங்களாம்மா?" என்றார். குறைந்தது இரண்டு கிலோ, பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது நாமே போட்ட விதி. அதைச் சொன்னேன். "அவ்ளோ காசு ஒண்ணா இருந்தா நான் ஏம்மா கால் கிலோ கேக்குறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரி தணிந்துவிடும் என்று திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் தெருவைக் கொஞ்சம் கவனித்தேன். மாதச் சம்பளக்காரர் வீடுகளில் லிஸ்ட் சுருங்கியது: முந்திரி போனது, நல்லெண்ணெய் லிட்டரிலிருந்து அரை லிட்டரானது, பிராண்டு மாறியது, சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் நாள் பார்த்துப் போனார்கள். தினக்கூலி வீடுகளில் சுருக்க ஏது லிஸ்ட்? அன்றன்றைக்கு எண்ணெய் நூறு மில்லி, சாம்பார்ப் பொடி ஐந்து ரூபாய்ப் பாக்கெட், பூண்டு நாலு பல். கிலோ கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் தெருவில் அதிக விலை கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்தான். நம் திட்டமோ ஒன்றாம் தேதி கையில் காசு உள்ளவருக்கு இன்னும் மலிவாக்கிக் கொடுத்தது. ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைப்பது அந்த வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மாதம் ஒரு கிலோ, ஒரு லிட்டர், அவ்வளவுதான்.

செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியதும் இன்னொன்றைப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு ஒன்றாம் தேதி வந்ததுபோல, 15ஐ ஒட்டி அண்ணாச்சி கடையில் கூட்டம். சிலர் பழைய பாக்கியை அடைத்தார்கள், சிலர் முதல் தடவையாக எண்ணெய் முழு லிட்டர் பாக்கெட்டாக வாங்கினார்கள்.

அண்ணாச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் செங்குன்றம் போகத் தொடங்கிய பிறகு அவர் கடையில் அரிசி மூட்டை தேங்கியது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாளில், முதல் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பால் பாக்கெட்டை வெளியே இரட்டை விலைக்கு விற்றவர்கள் உண்டு. இவர் கடைக்குள் தண்ணீர் ஏறிய பிறகும் ஸ்டூல்மேல் உட்கார்ந்து, இருந்த பாலையும் ரொட்டியையும் அச்சடித்த விலைக்கே கொடுத்தார். காசில்லாதவர்கள் பெயரை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதினார். அந்த நோட்டில் என் வீட்டுப் பெயரும் இருந்தது. நம் கூட்டுக் கொள்முதல் அன்றைக்கு என்ன செய்தது? சங்க அறையில் இருந்த ஏழு மூட்டை அரிசி நனைந்தது. நட்டம் பொருளாளர் அறிக்கையில் வரும்.

பிப்ரவரியில் பூண்டு கிலோ நானூறைத் தாண்டியபோது மறுபடியும் மொத்தமாக வாங்கலாம் என்று ஏழெட்டுப் பேர் போன் செய்தீர்கள். வேண்டாம் என்று தடுத்தது நான்தான். தக்காளி ஞாபகம் இருந்தது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று மாற்றங்களை முன்வைக்கிறது. பருப்பும் எண்ணெயும் கால் கிலோ, கால் லிட்டர் அளவிலும் மொத்த விலையிலேயே பிரித்துத் தரப்படும். பிரிக்கும் வேலைக்கு ஞாயிறுதோறும் இரண்டு வீடுகள் முறை வைத்து வர வேண்டும். பணம் கட்டும் நாள் மாதம் இரண்டாகும்: 3ஆம் தேதியும் 17ஆம் தேதியும். மூன்றாவது, அரிசியை நாமே ஏற்றி வராமல் அண்ணாச்சி வழியாக வரவழைப்பது. மூட்டைக்கு 40 ரூபாய் அவருக்கு. அவர் கிட்டங்கி மேடானது, மூட்டை நனையாது. உறுப்பினர்களின் மிச்சம் 110லிருந்து 70 ஆகக் குறையும். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும், வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

கடைசியாக ஒன்று. எட்டு மாதமாக நாம் பருப்பு நிறுப்பது அண்ணாச்சியிடம் இரவல் வாங்கிய தராசில். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு தராசு வாங்க அனுமதி கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்