நிலானி ஏன் மிலானோவுக்குப் போகவேண்டும்?

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். அப்பாவின் முழங்கால் நோவு குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரினோ மலைக்கு நடந்தே ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு வந்தார். இறங்கி வந்த பிறகுதான் புலம்பல்.

நீ அனுப்பிய குறும்படக் கதையை, அந்த நிலானியின் கதையை, வாசித்து முடித்தேன். போனில் சொன்னால் பாதியில் மறித்துக் கதைப்பாய், அதுதான் எழுதுகிறேன். இத்தாலியன் வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும் என்று உனக்குத் தெரியும். விளங்காத இடங்களை நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவிடம் கேட்டேன். அதனால் அவவுக்கும் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. கோபிக்காதே, அவ சொன்னவற்றுக்காகத்தான் இந்தக் கடிதமே.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். லாச்சிக் காட்சி. புருஷன் நிலானியுடைய பாஸ்போர்ட்டையும், இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, அந்த சொஜ்ஜோர்ணோவையும் இழுப்பு லாச்சிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் கழுத்துச் சங்கிலியில் கொழுவியிருக்கிறான். அவள் வீடு கூட்டிக்கொண்டு வருகிறாள், அந்த லாச்சிக்கு முன்னால் வந்ததும் தும்புத்தடி தானாக நிற்கிறது. அடி விழுவதைக் காட்டாமல் பக்கத்து வீட்டுக்காரி டிவியின் சத்தத்தைக் கூட்டுவதை மட்டும் வைத்தாயே, அதுவும் சரி. அடியைக் காட்டினால் சனம் அடியைத்தான் பார்க்கும், அவளைப் பார்க்காது.

அந்த லாச்சி ஒன்றும் கற்பனை இல்லை. எங்கள் சனத்துக்குள்ளேயே ஒரு பிள்ளை அப்படி இருந்தவள். பெயர் எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். என் பேரில்தான் உனக்கு சொஜ்ஜோர்ணோ, என்னை விட்டால் அடுத்த பிளேனில் கொழும்பு என்று அவன் வெருட்டி வைத்திருந்தான். 2013இலேயே குடிவரவுச் சட்டத்தில் 18-பிஸ் என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளாகிறவளுக்கு, புருஷனுடைய தயவு இல்லாமல், அவள் பேரிலேயே சொஜ்ஜோர்ணோ கொடுக்க வழி இருக்கிறது. ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை. உன் படத்தில் வருகிற சட்டத்தரணிப் பெண் அதை ஒரு வரியில் சொல்லட்டும். பாடம் எடுப்பது மாதிரி இருக்கும் என்று முகத்தைச் சுழிப்பாய். இருக்கட்டும். அடிபடுகிற பெண்கள் உதவி கேட்டு எடுக்கிற 1522 என்ற நம்பரையும் எங்கேயாவது சுவரில் ஒட்டி வை.

இனி எனக்குப் பிடிக்காதது. கடைசியில் நிலானிக்குத் தலைமயிரை வெட்டி, பெயரை மரீனா என்று மாற்றி, பலெர்மோவை விட்டு மிலானோவுக்கு ரயில் ஏற்றி விடுகிறாய். அடையாளத்தை மீட்கிறாள் என்று பக்கத்தில் குறிப்பு வேறு எழுதியிருக்கிறாய். எனக்கு விளங்கவில்லை. இந்த நாட்டில் கல்யாணம் கட்டினாலும் பெண்ணின் கடதாசிகளில் பிறந்த பெயர்தான் இருக்கும். லாச்சியை உடைத்து அவள் கையில் எடுக்கிற கொதிச்சே பிஸ்காலே என்ற வரி நம்பர் அட்டையில் இருப்பது அவளுடைய சொந்தப் பெயர்தானே? அவ்வளவு பாடுபட்டு எடுத்ததை அடுத்த காட்சியிலேயே ஏன் எறிய வைக்கிறாய்?

உயிருக்கு ஆபத்து என்றால் ஓடத்தான் வேண்டும். அதற்காகத்தானே விலாசம் வெளியில் சொல்லாத வீடுகளை நடத்துகிறார்கள். ஆனால் உன் கதையில் அவனை ஏற்கெனவே பிடித்து உள்ளே போட்டாயிற்று. பிறகும் அவளைத் துரத்துவது ஆர்? சந்தையில் அவளைக் கண்டு குசுகுசுக்கிற எங்கள் ஆட்கள். அவர்களுக்காக அவள் ஊரை விடவேண்டுமா?

இதைத்தான் சின்யோராவும் கேட்டா. மிலானோ என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ப்ராங்கா போகவில்லையே" என்றா. ஆர் ப்ராங்கா என்று கேட்டேன். இவ்வளவு காலம் இங்கே இருந்தும் தெரியாதா என்று என்னைப் பேசிவிட்டுச் சொல்லத் தொடங்கினா. அன்று மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

அல்காமோ உனக்குத் தெரியும், திராப்பானிக்குப் போகிற வழியில். அங்கே ஒரு குத்தகைக் கமக்காரரின் மகள் ப்ராங்கா வியோலா. 15 வயதில் அவளைப் பிலிப்போ மெலோடியா என்றவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்தார்கள். மாபியாக் குடும்பத்துப் பொடியன். களவு வழக்கில் அகப்பட்டதும் தகப்பன் சம்பந்தத்தை முறித்துவிட்டார். அதற்குப் பழி, திராட்சைத் தோட்டத்தை நாசமாக்கினார்கள், தகப்பனைத் துவக்கைக் காட்டி மிரட்டினார்கள். மனிதர் அசையவில்லை. 1965 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், அவன் ஒரு டசின் ஆட்களோடு ஆயுதங்களுடன் வந்து, தாயை அடித்துப்போட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாத 8 வயதுத் தம்பியையும் சேர்த்துத்தான். தம்பியைப் பிறகு விட்டுவிட்டார்கள். அவளை 8 நாள் அடைத்து வைத்துக் கெடுத்தான். அவளுக்கு அப்போது 17 வயது.

அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், கெடுத்தவனே கட்டிவிட்டால் எல்லாம் சரி. வழக்கு இல்லை, தண்டனை இல்லை. ஊர்வழக்கம் மட்டுமில்லை, தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவே அப்படித்தான் சொல்லியிருந்தது. அவனுடைய ஆட்கள் சமாதானம் பேசக் கூப்பிட்டார்கள். தகப்பன் பெர்னார்தோ சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே பொலிசோடு சேர்ந்து திட்டம் போட்டார். ஜனவரி 2ஆம் திகதி பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சின்யோராவுக்கு அப்போது 15 வயது, பக்கத்துப் பார்த்தினிக்கோவில் இருந்தவ. இனி அந்தப் பெட்டை அவனைக் கட்டத்தானே வேண்டும், வேறெவன் கட்டுவான் என்று அங்கேயும் எல்லாரும் கதைத்தார்களாம். அவவுடைய பெரியம்மாவின் மகளுக்கு முன்பு அதேதான் நடந்தது. தூக்கிக்கொண்டு போனவனுக்கே கோயிலில் வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவளை ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம், இன்னாருடைய பெண்சாதி என்றுதான். அவன் சாப்பிட்டு எழும்பும்வரைக்கும் சுவரோடு நிற்பாளாம். ப்ராங்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்ற சேதி வந்தபோது அந்த மச்சாள் கேட்டது இவ்வளவுதான்: "அப்படியும் சொல்லலாமா?"

சொன்னாள். 1966 டிசம்பரில் திராப்பானியில் வழக்கு. அவளே விரும்பித்தான் ஓடி வந்தாள் என்று அவன் பக்கம் சாதித்துப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. மானம் போனது இதைச் செய்தவனுக்கு, எனக்கில்லை என்று நின்றாள். அவனுக்கு 11 வருடம் விழுந்தது. 1968இல் அதே ஊர்ப் பொடியன் ஒருவன், சின்ன வயதிலிருந்து தெரிந்தவன், அவளைக் கட்டினான். ஜனாதிபதி பரிசு அனுப்பினார், பாப்பரசர் கூப்பிட்டு ஆசீர்வதித்தார். அதெல்லாம் கிடக்கட்டும். எனக்குப் பெரிதாகப் பட்டது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அவ அந்த அல்காமோவிலேயே வாழ்ந்ததுதான். பேட்டிக்குப் பேட்டி கொடுத்துத் திரியவும் இல்லை. ஊருக்குத் திரும்பாமல் போனவன் மெலோடியா. சிறையால் வெளியே வந்தவனை 1978இல் வடக்கே மொதேனாவில் சுட்டுப்போட்டார்கள்.

சட்டம் அசைந்து வர எவ்வளவு காலம் எடுத்தது என்று பார். அந்த 544ஐத் தூக்கினது 1981இல். மானத்துக்காகப் பெண்சாதியைக் கொன்றவனுக்குத் தண்டனையைக் குறைக்கிற பிரிவையும் அன்றைக்குத்தான் தூக்கினார்கள். கெடுப்பது பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம் என்று இருந்ததை, அந்த ஆளுக்கே செய்த குற்றம் என்று மாற்றினது 1996இல், நாங்கள் இங்கே வந்ததற்குப் பிறகு! "அதுவரைக்கும் அடிபட்டது நாங்கள் இல்லை, ஒழுக்கம்தான்" என்று சின்யோரா சிரித்தா. பெண்ணைப் பெண் என்பதற்காகக் கொல்வதைத் தனிக் குற்றமாக்கி ஆயுள் தண்டனை வைத்த சட்டம் 2025 நவம்பரில்தான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை டிவியில் பார்த்தோம்.

இன்னொன்று. உன் கதையில் தகப்பன் ஒரேயொரு போன் காட்சியில் வருகிறார். "எப்படியாவது சமாளித்துப் போ பிள்ளை" என்று சொல்லிவிட்டு வைக்கிறார். எங்கள் வீடுகளில் நடக்கிறது அதுதான், வெட்டாதே. ஆனால் அதோடு அவரை விட்டுவிடாதே. பெர்னார்தோ ஒன்றும் படித்த மனிதர் இல்லை, கமக்காரர். தோட்டம் போனது, உயிருக்குப் பயம், ஊர் ஒதுக்கி வைத்தது. அப்படியிருந்தும், இனி என்ன செய்ய விருப்பம் என்று மகளைத்தான் கேட்டார். நிலானியின் தகப்பனுக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடு. இரண்டாவது தரம் அவர் போன் எடுக்கட்டும். என்ன சொல்லுவார் என்று அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொல்ல ஒன்றும் இருக்காது, டிக்கெட் போட்டு வந்து நிற்பார்" என்றார். நீ எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, சொல்லிவிட்டேன்.

முடிவை எப்படி எழுதுவது என்பது உன் வேலை. எனக்கென்றால், அவள் பல்லாரோ சந்தையில் குசுகுசுக்கிறவர்களுக்கு நடுவில் நின்று தக்காளி பேரம் பேசவேண்டும். ஆராவது ஒருத்தன் நிலானி என்று கூப்பிடவேண்டும். ரயில் செலவும் மிச்சம், பணம் போதாது என்றுதானே நீயும் அழுகிறாய்.

சின்யோரா தன்னுடைய குரலைப் பதிவு செய்யச் சம்மதம் என்றா. முகம் வேண்டாமாம். மச்சாளின் பெயரை மட்டும் கட்டாயம் போடவேண்டுமாம், எழுதித் தந்திருக்கிறா, நேரில் வரும்போது தருகிறேன். வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு லீவு, அன்றைக்கு எடு. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் ரோமுக்கு வருகிற பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். படம் எடுக்க வருகிற பொடியளுக்கும் கொடு, ஒளித்து வைத்துத் தின்னாதே.

அன்புடன்
அம்மா
பலெர்மோ