பத்மினி நின்று போனால்

அன்புள்ள மகள் சுமதிக்கு,

நீ போனில் சொன்னதைக் கேட்டால் நம் பழைய பத்மினி கார் நின்று போவதற்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஐட்லிங்கில் நன்றாக ஓடுகிறது, ஊருக்குள் ஓடுகிறது, பைபாஸில் மிதித்தால்தான் திணறி நிற்கிறது, அரை மணி நேரம் போட்டுவைத்தால் ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்புகிறது. பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கார்புரேட்டரைப் பிரிக்கலாமா என்று மெக்கானிக் கேட்டால், இப்போது வேண்டாம் என்று சொல். டேங்கிலிருந்து பார்த்துக்கொண்டு வரட்டும்.

அடுத்த முறை நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. துளையை ஊசியால் சுத்தம் செய்தால் போதும், காலணா செலவில்லை.

சத்தம் வராவிட்டால் பெட்ரோலை வடிகட்டும் பில்டரைக் கழற்று. அடியில் செம்மண் மாதிரி தங்கியிருந்தால் அது டேங்க் துரு. பெட்ரோல் வரும் ரப்பர் ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடு. இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துவராது, உப்பும், வெடிப்பு விடும். பம்புக்குள் பெட்ரோலை இழுக்கும் சவ்வான டயாஃப்ரத்துக்கும் அதே கதைதான். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி முகர்ந்து பார். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது என்று வைத்துக்கொள். பம்பைச் சரிபண்ணி ஆயிலை மாற்றும்வரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது அம்மா.

உச்சி வெயிலில் மட்டும் நிற்கிறதா? அப்படியானால் வேப்பர் லாக். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும். பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி வை, சூடு இறங்கிவிடும். பழைய டிரைவர்களெல்லாம் சீட்டுக்கடியில் ஒரு துணி வைத்திருப்பார்கள்.

இவ்வளவு பார்த்தும் தீராவிட்டால் கார்புரேட்டரைத் திறக்கட்டும். ஆனால் பக்கத்தில் நின்று பார். பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டில் கம்பியை விட்டுக் குடைய விடாதே. அது பித்தளை, துளை துளியூண்டு பெரிதானாலும் அப்புறம் பெட்ரோலைக் குடிக்கும். காற்றடித்தாலே அழுக்கு போய்விடும்.

பம்பைச் சரிபண்ணும் ரிப்பேர் கிட்டுக்கு இங்கே ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைத்ததும் அனுப்புகிறேன். பொங்கலுக்கு வண்டியில் வருகிறாயா என்று அம்மா கேட்கிறாள். பஸ்ஸிலேயே வா.

இப்படிக்கு,
அப்பா