திரையைக் கொடுத்தால் போதாது, கூட இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறரோடு பேசிப் பழகுவதைச் சிரமமாக்கும் ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கைபேசியே ஆகாது என்கிறார்கள் சிலர். கொடுத்தால்தான் சோறு இறங்குகிறது என்கிறார்கள் வேறு சிலர். வெள்ளவத்தையில் முன்பள்ளி நடத்தும் எனக்கு இரண்டுமே கவலையளிக்கின்றன.

கார்ட்டூனை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போவது வேறு, பிள்ளையோடு அமர்ந்து விளையாடுவது வேறு. என் வகுப்பில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் டெப்பில் உள்ள பந்துப் படத்தைத் தொடுவான். "பந்து" என்று குரல் வரும். உடனே பந்தை அவனிடம் உருட்டுவேன். சில வேளை வேண்டுமென்றே உருட்டாமல் காத்திருப்பேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் படத்தைத் தொடுவான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இத்தனை பாடும்! படம் தொட்டுப் பழகினால் பேச்சு வராமல் போகும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது.

அளவு முக்கியம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. டெப் வாங்க வசதியில்லாதவர்கள் அட்டையில் ஒட்டிய படங்களைக் கொண்டும் இதே விளையாட்டை ஆடலாம்.

படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசும், சென்னையில் உருவான அவாஸ் போன்ற செயலிகள் தமிழிலும் உள்ளன. ஆனால் பாணும் சம்பலும் முச்சக்கரவண்டியுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு, நம் வீட்டுத் தமிழ்க் குரலில், இலவசச் செயலியொன்று வேண்டும். கல்வி அமைச்சும் பல்கலைக்கழகக் கணினித் துறைகளும் பேச்சு சிகிச்சையாளர்களைச் சேர்த்துக்கொண்டு இதை உடனே தொடங்க வேண்டும்.

முன்பள்ளி ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06